ஞாயிறு ஓட்டம், திங்கள் டயாலிசிஸ்

"ஏன் தம்பி, ஓடாமக் கொடுத்தா வாங்கிக்க மாட்டீகளா?"

மருத்துவ உதவிக்காக மாரத்தான் ஓடுகிறோம் என்று நன்கொடை நோட்டோடு காரைக்குடிப் பக்கம் எந்த வீட்டு முகப்பில் ஏறினாலும் இந்தக் கேள்வி வந்துவிடும். கேட்பவர் பெரும்பாலும் வீட்டு ஆச்சியாக இருப்பார். அவர் கேட்பதில் ஏளனம் கிடையாது. கோயில் காரியத்துக்குப் புள்ளிக்கு, அதாவது குடும்பத்துக்கு, இவ்வளவு என்று வரி கட்டியும், வியாபாரத்தில் ஒரு பங்கை மகமை என்று தருமத்துக்கு எடுத்து வைத்தும் பழகிய ஊர் இது. கொடுக்க வேண்டுமானால் கொடுத்துவிட வேண்டியதுதானே, நடுவில் எதற்கு 42 கிலோமீட்டர் என்று அவருக்குத் தோன்றுவது இயல்பு. உடலை வருத்திக்கொள்வதும் இங்கே புதிதில்லை. தைப்பூசத்துக்குக் குன்றக்குடியில் கூடிக் காவடியோடு பழனிக்கு நடக்கும் கூட்டத்தில் சுற்றுப்பட்டு ஊர் எல்லாவற்றிலிருந்தும் ஆள் இருப்பார்கள். ஆனால் அது நடப்பவருக்கும் முருகனுக்கும் இடையே உள்ள நேர்ச்சை. காலில் விழுந்த கொப்புளத்தைக் காட்டி அங்கே யாரும் காசு கேட்பதில்லை.

இந்தக் கேள்விக்கு 'விழிப்புணர்வு' என்று ஓர் ஆயத்தப் பதில் எல்லோர் வாயிலும் இருக்கிறது. எனக்கு அது ஒருநாளும் நிறைவாகப் பட்டதில்லை. புற்றுநோயால் வலது காலை இழந்த டெரி ஃபாக்ஸ் 1980 ஏப்ரல் 12-ல் கனடாவின் கிழக்குக் கரையிலிருந்து செயற்கைக் காலோடு ஓடத் தொடங்கினார். ஏறக்குறைய தினம் ஒரு மாரத்தான். நோய் நுரையீரலுக்குப் பரவி அவரை நிறுத்தியபோது 143 நாள், 5,373 கி.மீ. முடிந்திருந்தது. அவர் கேட்டது நாட்டின் ஒவ்வொரு ஆளிடமும் ஒரு டாலர். புள்ளி வரி தெரிந்த ஆச்சிக்கு இந்தக் கணக்கு சட்டென்று பிடிபடும். 1981 பிப்ரவரிக்குள் அன்றைய மக்கள்தொகைக்கு ஈடான 2.4 கோடி டாலர் சேர்ந்துவிட்டது. அதே ஆண்டில் தொடங்கிய லண்டன் மாரத்தானும், 2004-ல் தொடங்கிய மும்பை மாரத்தானும் இன்று நன்கொடை திரட்டுவதில் பெரிய பெயர்கள். இவற்றிலெல்லாம் ஓட்டம் செய்த வேலை ஒன்றுதான்: கேட்பதற்கு ஒரு தேதியையும் ஒரு காரணத்தையும் கையில் கொடுத்தது. மாரத்தானுக்குத் தயாராக 16 முதல் 20 வாரம் வேண்டும். அந்த நான்கைந்து மாதமும் ஒருவர் தெருவில் ஓடுவதை ஊர் பார்க்கிறது. "எதுக்குப்பா ஓடுறே?" என்று ஊரே முதலில் கேட்கிறது. கை நீட்டக் கூச்சப்படுகிறவருக்கும் அப்போது வாய் திறக்க வழி பிறக்கிறது. சும்மா கேட்டால் ஒருமுறை கேட்கலாம். ஓடினால் 18 வாரம் கேட்கலாம்.

ஆச்சியின் கேள்விக்கு இது பாதிப் பதில். மீதிப் பாதி, வந்த காசு எங்கே போய் எப்படி நிற்கிறது என்பதில் இருக்கிறது. செட்டிநாட்டில் சிறுநீரக நோயாளிகளுக்காக ஓட நினைக்கிறவர்கள் அங்கேதான் தடுமாறுகிறார்கள். இந்தக் கட்டுரை அதைப் பற்றியதுதான்.

பதிவுக் கட்டணத்தில் நன்கொடை இல்லை

முதலில் ஒரு தப்புக் கணக்கைத் தீர்த்துவிடலாம். 500 பேர், தலைக்கு 700 ரூபாய் பதிவுக் கட்டணம் என்று வைத்துக்கொள்வோம். வரவு 3,50,000. ஆளுக்கு டி-ஷர்ட் 220, பதக்கம் 110, எண் அட்டையும் நேரம் குறிக்கும் சிப்பும் 100, தண்ணீரும் சாப்பாடும் 90 என்றால் 520 ரூபாய். 500 பேருக்கு 2,60,000. ஆம்புலன்ஸ், மருத்துவர் குழு, மைக், பந்தல், தடுப்பு, நடமாடும் கழிப்பறை என்று மொத்தமாக ஒரு லட்சம். பற்று 3,60,000. பத்தாயிரம் துண்டு விழுகிறது. விலை ஊருக்கு ஊர் மாறும், ஆனால் கணக்கின் போக்கு மாறாது. கட்டணம் ஓட்டத்தை நடத்தத்தான் காணும், நோயாளி வரை போகாது. "உங்கள் பதிவுக் கட்டணம் ஓர் உயிரைக் காக்கும்" என்று நோட்டீசில் அச்சடிப்பது அறியாமல் சொல்லும் பொய். கட்டணத்துக்கு ஒரு வங்கிக் கணக்கு, நன்கொடைக்கு இன்னொரு கணக்கு என்று முதல் நாளே பிரித்துவிட வேண்டும். ஒன்றிலிருந்து மற்றதற்கு ஒரு ரூபாய் தாண்டக்கூடாது. துண்டு விழுந்தால் பதக்கத்தை விட்டுவிடுங்கள். பித்தளைக்குப் பதில் ஆத்தங்குடிப் பூக்கல் (பூப்போட்ட தரை ஓடு) வடிவத்தில் ஓர் அட்டைப் பதக்கம் போதும், அதை யாரும் குறைவாக நினைக்கப் போவதில்லை.

கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று வாக்கு வாங்குவது நல்ல முறை. கி.மீ.க்கு 10 ரூபாய் என்றால் முழு மாரத்தானுக்கு 420 ரூபாய்தான், சொல்லும்போது யாருக்கும் கனக்காது. ஆனால் ஓடி முடித்தபின் வசூலிக்கப் போனால் பாதிப்பேர் ஊரில் இருக்க மாட்டார்கள். செட்டிநாட்டில் இது இன்னும் மெய். பொங்கலுக்கு வந்து திறந்த வீடு அடுத்த வாரமே பூட்டியிருக்கும். வாக்குச் சொல்லும்போதே பணத்தை வாங்கி, அங்கேயே ரசீது எழுதிக் கொடுத்துவிட வேண்டும்.

வருடத்துக்கு 156 முறை

'சிறுநீரக நோயாளிகளுக்கு உதவி' என்று பொதுவாகக் கேட்டால் காசு வரும். வந்தபின் அதை என்ன செய்வது என்று தெரியாது. ஒரு டயாலிசிஸ் இயந்திரம் வாங்கிக் கொடுக்கலாம் என்றுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். திறப்பு விழா வைக்கலாம், பெயர்ப் பலகை மாட்டலாம். ஆனால் இயந்திரம் மட்டும் ரத்தத்தைச் சுத்தம் செய்துவிடாது. நிமிடத்துக்கு 500 மில்லி சுத்திகரித்த திரவம் அதன் வழியாக ஓட வேண்டும். 4 மணி நேரத்துக்கு 120 லிட்டர். அதற்குத் தண்ணீரைச் சுத்திகரிக்கும் ஆர்.ஓ. நிலையம் வேண்டும், பயிற்சி பெற்ற டெக்னீஷியன் வேண்டும், கரண்ட் போகக்கூடாது, பழுது பார்க்க ஆள் வேண்டும். இவை இல்லாத இடத்தில் நன்கொடை இயந்திரம் துணி போர்த்தி மூலையில் நிற்கும்.

டயாலிசிஸ் செலவு இப்போது பலருக்கு நேரடிச் சுமையாக இல்லை. அரசு மருத்துவமனைகளிலும், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனைகளிலும் அதற்கு வழி இருக்கிறது. வழி இல்லாதது வீட்டிலிருந்து அந்தக் கட்டில் வரை போவதற்கும், அங்கிருந்து திரும்புவதற்கும். வாரத்துக்கு 3 முறை, முறைக்கு 4 மணி நேரம் என்பதே வழக்கமான அளவு. வருடத்துக்கு 156 முறை. ஒருவர் தனியாகப் போய்வர முடியாது, துணைக்கு ஓர் ஆள் வேண்டும். துணை வருபவருக்கு அன்றைய கூலி போச்சு. ஆட்டோவுக்குப் போய்வர 500 ரூபாய் என்று வைத்தால் மாதத்துக்கு 13 நடை, 6,500 ரூபாய். வருடத்துக்கு 78,000. நூறுநாள் வேலையிலும் வயல் வேலையிலும் ஓடும் குடும்பத்துக்கு மருந்தைவிடப் பெரிய செலவு இந்த ஆட்டோதான். அதனால் மூன்று முறை இரண்டாகும். மழை பெய்தால், திருவிழா வந்தால், கையில் காசில்லாவிட்டால் இரண்டு ஒன்றாகும்.

ஒன்று விட்டால் என்ன ஆகும் என்பதை ஓட்டத்துக்குக் காசு திரட்டும் ஒவ்வொருவரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். சிறுநீர் பிரியாத உடம்பில் குடித்த தண்ணீர் போக வழியில்லை. முதலில் காலில் வீக்கம், பிறகு நுரையீரலில் நீர். படுத்தால் மூச்சு முட்டும், உட்கார்ந்தே இரவைக் கழிப்பார்கள். பொட்டாசியம் ஏறினால் இதயத் துடிப்பு தப்பும். அது முன்கூட்டிச் சொல்லிக்கொண்டு வருவதில்லை. வாரத்தில் எல்லா இடைவெளியும் ஒன்று போலில்லை. திங்கள், புதன், வெள்ளி போகிறவருக்கு வெள்ளி முடிந்து திங்கள் வரை உள்ள இடைவெளிதான் நீளமானது. அந்த நீண்ட இடைவெளியின் முடிவில் இறப்பும் இதயக் கோளாறும் கூடுவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆகவே திங்கட்கிழமை ஆட்டோ வராமல் போவதும் புதன்கிழமை வராமல் போவதும் ஒரே அளவு தவறு இல்லை.

என் எண்ணம் திரும்பியது இந்த இடத்தில்தான். ஓட்டத்தால் பணம் ஒரே நாளில் வருகிறது. தேவையோ 156 நாளாகப் பிரிந்து வருகிறது. நல்ல மனதோடு நடக்கும் பல முயற்சிகள் இந்தப் பொருத்தமின்மையில்தான் கெடுகின்றன. 5 லட்சம் சேர்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். மேடையில் 50 நோயாளிகளை வரிசையாக நிறுத்தி ஆளுக்குப் பத்தாயிரம் கவர் கொடுத்தால் போட்டோ நன்றாக வரும். அந்தப் பத்தாயிரம் ஒன்றரை மாத ஆட்டோ. அதுவும் ஆட்டோவுக்கே போகும் என்று சொல்ல முடியாது, வீட்டில் எந்தக் கடன் கழுத்தை நெரிக்கிறதோ அதற்குத்தான் போகும், அதைக் குறை சொல்லவும் முடியாது. அதே 5 லட்சத்தில் 6 பேருக்கு ஒரு முழு வருடம் வண்டி ஓட்டலாம். 4,68,000 ஆகும். மீதி 32,000 நடுராத்திரியில் மூச்சுத் திணறினால் கார் பிடிக்க. 50 பேர் எங்கே, 6 பேர் எங்கே என்று குழுவில் கட்டாயம் சண்டை வரும். "மத்த 44 பேரை விட்டுர்றதா?" என்ற கேள்வி நெஞ்சில் குத்தும். ஆனால் இதில் தொடங்கி நிறுத்துவது தொடங்காமல் இருப்பதைவிடக் கெடுதல். வண்டி வரும் என்று நம்பிய குடும்பம், அதற்கு முன் எப்படியோ செய்து வைத்திருந்த ஏற்பாட்டைக் கைவிட்டிருக்கும். பக்கத்து வீட்டுப் பையனின் பைக், மச்சானின் மினி வேன் எல்லாம் வேறு வேலைக்குப் போயிருக்கும். மூன்றாம் மாதம் வண்டி நின்றால் பழைய ஏற்பாடும் கிடையாது. ஒரு வருடப் பணம் கையில் இருந்தால்தான் ஓர் ஆளைச் சேர்ப்பது என்ற விதியை எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். ஏழாவது ஆளுக்குப் பணம் முழுதாக வந்தபின் ஏழாவது ஆள்.

கேட்கும் விதமும் இதோடு மாற வேண்டும். "தாராளமாகக் கொடுங்கள்" என்று கேட்பதை விட்டு "ஒரு திங்கட்கிழமைக்கு 500 ரூபாய்" என்று கேளுங்கள். பத்துத் திங்கட்கிழமை எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்ல ஆள் வருவார்கள். மாதம் 500 ரூபாய் வங்கியிலிருந்து தானாகப் போகும்படி நிலையான உத்தரவு கொடுக்கிறவர் 13 பேர் இருந்தால் ஒரு நோயாளி நிற்கிறார். ஓட்ட நாளில் உண்டியலில் விழும் தொகையைவிட அன்று கையெழுத்தான இந்த உத்தரவுகளின் எண்ணிக்கையே எனக்குப் பெரிது. ஓடுபவரின் உடம்பிலும் இதேதான் நடக்கிறது. தசையிலும் கல்லீரலிலும் சேர்த்து வைத்த சர்க்கரை 30, 32 கிலோமீட்டரில் தீர்ந்துவிடும். முதல் நாள் எவ்வளவு சாப்பிட்டாலும் அந்தக் கிடங்கு அதற்கு மேல் கொள்ளாது. வழியில் மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே தள்ளினால்தான் கால் நகரும்.

பணத்தை வண்டியாகக் கொடுப்பது

கையில் பணமாகக் கொடுக்காமல் ஆட்டோக்காரருக்கு மாதக் கணக்கில் கொடுப்பதே சரி. ஒரே ஓட்டுநர், ஒரே நேரம். காலை முதல் ஷிஃப்டுக்கு 6 மணிக்குள் போக வேண்டுமானால் பள்ளத்தூரிலிருந்தோ கண்டனூரிலிருந்தோ 5.30-க்கு வண்டி வாசலில் நிற்க வேண்டும். சிட்டை ஒன்று நோயாளியிடம் இருக்கட்டும், ஒவ்வொரு நடைக்கும் ஓட்டுநர் அதில் தேதி போட்டுக் கையெழுத்து வாங்கிக்கொள்வார். மாதக் கடைசியில் சிட்டையைப் பார்த்துப் பணம். இதில் இன்னொரு நன்மை, 13 இருக்க வேண்டிய இடத்தில் 9 கையெழுத்து இருந்தால் அந்த வீட்டில் ஏதோ சரியில்லை என்று உடனே தெரிந்துவிடும்.

ஓட்டுநருக்குச் சில விஷயங்கள் சொல்லித்தர வேண்டும். நோயாளியின் ஒரு கையில் ரத்தக்குழாய்களை இணைத்து ஃபிஸ்டுலா போட்டிருப்பார்கள். அது முதிர்ந்து ஊசி ஏற்கவே பல வாரம் ஆகும், அதுதான் அவருடைய உயிர்நாடி. கைத்தாங்கலாக ஏற்றும்போது அந்தக் கையைப் பிடித்து இழுக்கக் கூடாது, அந்தப் பக்கம் பையைத் தூக்கச் சொல்லக் கூடாது. திரும்பும் வழியில் ஊசி போட்ட இடத்தில் ரத்தம் கசிந்தால் துண்டைச் சுருட்டிக் கட்டினால் நிற்காது. சுத்தமான பஞ்சை வைத்து, கசியும் புள்ளியில் விரலால் விடாமல் பத்து நிமிடம் அழுத்த வேண்டும். நிற்கவில்லை என்றால் வண்டியை மருத்துவமனைக்கே திருப்ப வேண்டும். டயாலிசிஸ் முடிந்து எழும்போது ரத்த அழுத்தம் விழுந்து தலை சுற்றும், கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும். இறக்கிவிட்டு உடனே போகாமல் திண்ணையில் உட்கார வைத்துவிட்டுப் போனால் நல்லது.

நோயாளியை மேடை ஏற்றாதீர்கள். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். எல்லோரையும் எல்லோருக்கும் தெரிந்த ஊர் இது. வீட்டில் கல்யாணத்துக்குப் பெண் இருந்தால் அப்பாவுக்கு டயாலிசிஸ் என்ற செய்தி வரன் பேசும் இடம் வரை போகும். பலர் மதுரைக்கு "வேலையா" போய்வருவதாகச் சொல்லிக்கொண்டிருப்பதன் காரணம் அதுதான். நன்கொடையாளருக்குக் காட்ட வேண்டியது முகம் இல்லை, சிட்டை. பெயரை மறைத்து, எத்தனை நடை, எவ்வளவு ரூபாய் என்று மாதாமாதம் போட்டால் போதும். ஐந்தொகை எழுதிப் பர்மாவிலும் மலேயாவிலும் கொண்டுவிற்ற ஊருக்குக் கணக்கை வாசிக்கச் சொல்லித்தர வேண்டியதில்லை. புதுக்கோட்டைப் பக்கத்து மொய் விருந்தில்கூட, வாங்கியது திருப்பிச் செய்ய வேண்டிய கடன் என்பதால் நோட்டு அவ்வளவு கறாராக இருக்கும். இங்கே பணம் கொடுத்தவருக்குப் பணம் திரும்பாது. கணக்காவது திரும்ப வேண்டும்.

ஓடுபவருக்கும் இரண்டு சிறுநீரகம்

சிறுநீரகத்துக்காக ஓடப்போய்ச் சிறுநீரகத்தைக் கெடுத்துக்கொள்வது நடக்கக்கூடியதுதான். 2015-ல் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்ட் மாரத்தானில் 22 பேரை ஆராய்ந்தபோது 82 சதவீதம் பேருக்கு ஓடி முடித்ததும் தற்காலிகச் சிறுநீரகப் பாதிப்பின் முதல் அல்லது இரண்டாம் நிலை தெரிந்தது. இரண்டு நாளில் சரியாகிவிட்டது. தசைகளுக்கு ரத்தம் போவதால் சிறுநீரகத்துக்குக் குறைகிறது, உடல் சூடேறுகிறது, வியர்வையில் நீர் போகிறது. நல்ல உடம்பு இதைத் தாங்கும். தாங்காமல் செய்வது நாம் போடும் மாத்திரை. முட்டி வலிக்குமே என்று ஓடும் முன்பே டைக்ளோஃபினாக் அல்லது ஐபுப்ரோஃபென் போட்டுக்கொள்கிறவர்கள் நிறைய. ரத்த ஓட்டம் குறையும்போது சிறுநீரகம் தன்னைக் காத்துக்கொள்ளும் வழியை இந்த மாத்திரைகள் அடைக்கின்றன. ஓட்டத்துக்கு முந்தின நாளிலிருந்து, ஓடி முடித்து ஒழுங்காகச் சிறுநீர் போகும் வரை இவற்றைத் தொடக்கூடாது. எண் அட்டையின் பின்பக்கத்தில் இதைத் தமிழில் பெரிதாக அச்சடிக்கலாம். ஓடிய ஒன்றிரண்டு நாளில் சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனால் தசை சிதைந்து ரத்தத்தில் கலக்கிறது என்று பொருள். சூடு பிடித்திருக்கிறது என்று சீரகத் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்காமல் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

தண்ணீரும் அளவு தப்பினால் கெடுதல்தான். 2002 பாஸ்டன் மாரத்தானில் 488 பேரின் ரத்தத்தைச் சோதித்ததில் 13 சதவீதம் பேருக்கு உப்பு அளவு இயல்புக்குக் கீழே போயிருந்தது. மெதுவாக ஓடி, ஒவ்வொரு பந்தலிலும் நின்று வயிறு முட்டக் குடிப்பவர்களுக்குத்தான் இது அதிகம் வரும். தலைவலி, குமட்டல், விரல் வீக்கம், பிறகு பேச்சு குழறுதல். பார்க்க நீர் வற்றியவர் போலவே இருக்கும். இன்னும் தண்ணீர் கொடுத்தால் மூளை வீங்கும். தாகத்துக்குக் குடி, தாகம் இல்லாமல் குடிக்காதே. 70 கிலோவில் தொடங்கி முடிக்கும்போது 71 என்றால் அது அபாயக் குறி. ஆகவே முதலுதவிப் பந்தலில் ஓர் எடைக் கருவி அவசியம்.

இளநீர் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தப் பகுதியில் வந்தவரை உபசரிக்க முதலில் வெட்டுவது அதைத்தான். இளநீரில் பொட்டாசியம் நிறைய, சோடியம் குறைவு. வியர்வையில் போவது முக்கியமாகச் சோடியம். ஓடுபவருக்கு அது கெடுதல் இல்லை, ஆனால் உப்பை ஈடுகட்டாது. உப்புப் போட்ட நீர்மோர், எலுமிச்சை உப்புச் சர்க்கரைக் கரைசல், அல்லது ஒரு லிட்டரில் கரைக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் நல்லது. டயாலிசிஸ் நோயாளிக்கோ இளநீர் விஷத்துக்குச் சமம். கொடியசைக்க வந்த ஒரு பெரியவர் டயாலிசிஸில் இருப்பவர் என்று தெரியாமல் அன்போடு இரண்டு இளநீர் கொடுத்தால், அந்தப் பொட்டாசியம் வெளியேற அடுத்த டயாலிசிஸ் வரை வழியில்லை. அவருக்குப் பழச்சாறும் வேண்டாம், வாழைப்பழமும் வேண்டாம். ஒரு நாளைக்கு அவருக்கு அனுமதித்த தண்ணீரே ஒரு லிட்டர் சுற்றித்தான் இருக்கும். ஓடுபவர் இரண்டு மணி நேரத்தில் குடிப்பது அது.

கூடவே சிறுநீரகப் பரிசோதனை முகாம் நடத்தலாம் என்று யாராவது சொல்வார்கள். நல்ல யோசனை, ஆனால் ஓடி முடித்தவர்களை வரிசையில் நிறுத்தாதீர்கள். கடினமாக ஓடியபின் சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினின் ரத்தத்தில் ஏறியிருக்கும், சிறுநீரில் புரதமும் வரும். ஆரோக்கியமான ஆள் பயந்துபோய் ஊர் ஊராக மருத்துவரைத் தேடுவார். முகாமை ஒரு வாரம் முன்பே, ஓடாத ஆட்களுக்காக நடத்துங்கள். சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும்தான் சிறுநீரகத்தைத் தின்னும் முதல் இரண்டு காரணங்கள். பத்து வருடமாகச் சர்க்கரை மாத்திரை போட்டும் ஒருமுறைகூடச் சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம் போகிறதா என்று பார்க்காதவர்கள் ஒவ்வொரு தெருவிலும் இருக்கிறார்கள்.

தேதியும் பாதையும்

பிள்ளையார் நோன்பு முடிந்து, பொங்கலுக்கு முந்தின ஞாயிறு நல்ல தேதி. மழை பெரும்பாலும் ஓய்ந்திருக்கும், பனி இருக்கும், மார்கழி என்பதால் நாலரை மணிக்கே தெரு விழித்திருக்கும். தை பிறந்துவிட்டால் முகூர்த்தம், பிறகு பாதயாத்திரைக் கூட்டம். குன்றக்குடி, திருப்பத்தூர்ச் சாலையில் அப்போது ஓட இடம் கிடைக்காது, நடப்பவர்களுக்கு இடைஞ்சல் செய்யவும் கூடாது. சூரியன் உதிக்க ஆறரை ஆகும். காலை 4.30-க்குத் தொடங்கினால் இரண்டு மணி நேரம் இருட்டுக் குளிர்ச்சி கிடைக்கும். 9 மணிக்கு மேல் செம்மண் தரையும் தார்ச்சாலையும் சேர்ந்து சூட்டைத் திருப்பியடிக்கும். அதனால் இங்கே 10 கி.மீ.யும் அரை மாரத்தானும் போதும் என்பேன். முழு மாரத்தான், ஏற்கெனவே ஓடிப் பழகியவர்களுக்கு மட்டும். புதியவர் ஒருவர் 18 வாரத்தில் 10 கி.மீ. ஓடக் கற்றுக்கொண்டு நாற்பது பேரிடம் கேட்டால், முக்கிமுனகி 42 முடித்து நாலு பேரிடம் கேட்டவரைவிட அதிகம் சேர்த்திருப்பார்.

திருச்சி - இராமேஸ்வரம் நெடுஞ்சாலையைத் தொடாமல், கானாடுகாத்தான் போன்ற நேர்த்தெருக்கள் உள்ள ஊரில் சுமார் பத்தரை கிலோமீட்டர் வட்டமாகப் பாதை போடுங்கள். இரண்டு சுற்று அரை, நான்கு சுற்று முழு. ஒரு ஆம்புலன்ஸ் எந்த இடத்துக்கும் சில நிமிடத்தில் போய்விடும், மோர்ப் பந்தல் நான்கு இருந்தால் போதும். சாலை ஓரத்துச் சீமைக்கருவேல முள்ளை முதல் நாள் மாலை கூட்டித் தள்ள வேண்டும், ஷூ அடிப்பகுதியை அது சுலபமாகத் துளைக்கும். முதல் நாள் இரவு மிளகுக் கறிக்கும் கவுனி அரிசிக்கும் விடை கொடுத்துவிட்டு இட்லி, இடியாப்பம் என்று போவதே வயிற்றுக்கு நல்லது. முடியும் இடத்தில் பெரிய பிளாஸ்டிக் தொட்டி ஒன்றும், ஐஸ் பார் பத்தும் இருக்கட்டும். ஒருவர் தள்ளாடிக் குழறினால், உடம்பு 40 டிகிரிக்கு மேல் கொதித்தால், முதலில் கழுத்துவரை ஐஸ் தண்ணீரில் இறக்க வேண்டும், பிறகுதான் 108-ல் ஏற்ற வேண்டும். அரை மணி நேரத்துக்குள் குளிர்ந்துவிட்டால் அநேகமாகப் பிழைத்துவிடுவார்.

கடல் தாண்டி வரும் பணம்

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் உறவு இல்லாத வீடு இங்கே குறைவு. அவர்கள் கொடுக்க ஆசைப்படுவார்கள். இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியே அனுப்பினால் சிக்கல் இல்லை. வெளிநாட்டுக் குடியுரிமை பெற்றவர், இந்திய வம்சாவளியினருக்கான ஓ.சி.ஐ. அட்டை வைத்திருந்தாலும், சட்டப்படி வெளிநாட்டு மூலம். அந்தப் பணத்தை வாங்க எஃப்.சி.ஆர்.ஏ. என்ற வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி அனுமதி பெற்ற அமைப்பால்தான் முடியும். அதுவும் முதலில் டெல்லியிலுள்ள ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளைக் கணக்கில்தான் வந்து இறங்க வேண்டும். "என் கணக்குக்கு வரட்டும், நான் டிரஸ்டுக்கு மாத்தி விடுறேன்" என்று ஓர் அண்ணன் அன்போடு சொல்வார். மறுத்துவிடுங்கள். கை மாறினாலும் அது வெளிநாட்டுப் பணம்தான், அறக்கட்டளையின் பதிவுக்கே ஆபத்து. 80ஜி என்று பழகிப்போன வருமான வரிச் சலுகை ரசீது கேட்கிறவர்களிடம், 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் சலுகை கிடையாது என்பதை வாங்கும்போதே சொல்லிவிட வேண்டும்.

கடைசியாக ஒன்று. வண்டியை ஓட்டத்துக்குப் பிறகு தொடங்காதீர்கள். ஒரு மாதம் முன்பே ஒரே ஒரு நோயாளிக்குத் தொடங்கி, சிட்டை எழுதிப் பாருங்கள். ஓட்டுநர் எங்கே தாமதிக்கிறார், ஷிஃப்ட் மாறினால் யார் யாருக்குச் சொல்கிறார்கள் என்பதெல்லாம் அப்போது தெரியும். ஓட்டம் ஞாயிற்றுக்கிழமை. மறுநாள் திங்கள், வாரத்தின் நீண்ட இடைவெளி முடியும் நாள். முந்தின நாள் ஓடிய குழுவில் பாதிப்பேருக்கு அன்று படி இறங்கத் தொடை இடம் கொடுக்காது, மீதிப்பேர் சென்னைக்கு ரயில் ஏறியிருப்பார்கள். ஆகவே குழுவில் ஒருவர் ஓடவே கூடாது. ஞாயிறு இரவு சீக்கிரம் படுத்து, திங்கள் காலை 5 மணிக்கு எழுந்து, "அண்ணே, வண்டியை எடுத்துட்டீகளா?" என்று ஓட்டுநருக்குப் போன் போட அவர் வேண்டும்.